கழுத்து நிற்பதும் குப்புறப் பயிற்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தைகளுக்கான பிசியோதெரபிப் பிரிவில் வேலை செய்கிறேன். பிறந்து சில வாரங்களே ஆன குழந்தையோடு வரும் தாய்மாரும் அவர்களுடன் வரும் பாட்டிமாரும் திரும்பத் திரும்பக் கேட்பவை சில சந்தேகங்கள்தான்: கழுத்து எப்போது நிற்கும், அதற்காகப் பிள்ளையைக் குப்புறப் போடலாமா, போட்டால் ஆபத்து உண்டா. அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதி, எளிய கேள்வியிலிருந்து சிக்கலான கேள்வி வரை வரிசைப்படுத்திப் பதில் தந்திருக்கிறேன். பிறந்தபோது மூச்சுத் திணறலோ வலிப்போ வந்த குழந்தைகள், இதயக் குறைபாடு உள்ள குழந்தைகள், அறுவை சிகிச்சை செய்துகொண்ட குழந்தைகள் ஆகியோருக்கு இந்தப் பயிற்சியைத் தொடங்கும்முன் அவர்களைப் பார்த்துவரும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கழுத்து நிற்பது என்றால் என்ன? எத்தனை மாதத்தில் நிற்கும்?

தலையைத் தூக்கவும், தூக்கிய தலையை ஆடாமல் நிறுத்தவும், விரும்பிய பக்கம் திருப்பவும் குழந்தைக்கு வருகிற திறனையே கழுத்து நிற்பது என்கிறோம். அது ஒரே நாளில் நடப்பதன்று. குப்புறக் கிடக்கும் பச்சிளங்குழந்தையால், மூக்கை விடுவித்துக்கொள்ளும் அளவுக்கு முகத்தை ஒரு பக்கம் திருப்ப மட்டுமே முடியும். ஒரு மாத வாக்கில் முகவாய் ஒரு கணம் தரையை விட்டு எழும். இரண்டாம் மாதம் முடியும்போது தலையைத் தூக்கிச் சில விநாடிகள் வைத்திருக்கும். மூன்றாம் மாதத்தில் முழங்கைகளை ஊன்றத் தொடங்கும். நான்காம் மாதம் முடிவதற்குள், நாம் தூக்கி வைத்திருக்கும்போது பிடிமானம் இல்லாமலே தலை நிலையாக நிற்கும். ஆறாம் மாத வாக்கில் கைகளை நீட்டி, உள்ளங்கைகளை ஊன்றி, மார்பையே தரையிலிருந்து உயர்த்திவிடும்.

பிள்ளைத்தமிழில் ஐந்தாம் மாதத்துக்கு உரியதாக வைக்கப்பட்டுள்ள செங்கீரைப் பருவம், குழந்தை கைகளை நிலத்தில் ஊன்றி, ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டி, தலை நிமிர்ந்து ஆடும் நிலைதான். புலவர்கள் அதைத் தனிப் பருவமாகவே எண்ணியிருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம், குழந்தையை எவ்வளவு உற்றுப் பார்த்திருக்கிறார்கள் என்று வியந்துபோகிறேன்.

மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். நீங்கள் குப்புறப் போடச் சொல்கிறீர்கள். எது சரி?

இரண்டுமே சரி. தூங்கும்போது மல்லாக்க, விழித்திருக்கும்போது, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கையில், குப்புற. குப்புறத் தூங்கும் குழந்தைகளுக்குத் தூக்கத்திலேயே திடீர் மரணம் நேரும் வாய்ப்பு கூடுதல் என்று தெரியவந்ததால், 1992-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் குழந்தைகளை அவ்வாறு தூங்க வைக்கக் கூடாது என்று அறிவித்தது. அடுத்த பத்தாண்டுகளில் அங்கே அத்தகைய மரணங்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. ஆகவே டாக்டர் சொன்னதில் மாற்றமே இல்லை.

ஆனால் நாள் முழுவதும் மல்லாந்தே கிடக்கும் குழந்தையின் பின்கழுத்துக்கும் தோள்களுக்கும் முதுகுக்கும் வேலை கிடைப்பதில்லை, பின்தலையும் தட்டையாகிறது. அதனால்தான் விழித்திருக்கும் நேரத்தில் குப்புறப் பயிற்சி வேண்டும் என்கிறோம். பயிற்சியின் நடுவே கண் செருகினால் உடனே மல்லாக்கத் திருப்பிவிடுங்கள். ‘இப்போதுதானே கண்ணயர்ந்தது, கொஞ்ச நேரம் அப்படியே கிடக்கட்டும்’ என்று ஒருநாளும் விட்டுவிடாதீர்கள்.

கழுத்தே நிற்காத பிள்ளையைக் கவிழ்த்துப் போட்டால் மூச்சு முட்டாதா? நெஞ்சு அமுங்காதா?

பாட்டிமார் கேட்கும் கேள்வி இது; இந்த அச்சத்தில் நியாயம் உண்டு. அமுங்கும் மெத்தையில், தலையணை பக்கத்தில் கிடக்க, ஆளில்லாத அறையில் குழந்தையைக் குப்புறப் போட்டால் மூச்சு முட்டத்தான் செய்யும். உறுதியான தரைவிரிப்பில், நல்ல விழிப்போடு இருக்கும் குழந்தையை, நீங்கள் அதன் முகத்தைப் பார்த்தபடி சில நிமிடங்கள் போட்டுவைப்பது வேறு. ஆரோக்கியமான குழந்தை முகத்தைத் திருப்பி மூக்கை விடுவித்துக்கொள்ளும். அப்படித் திருப்பவில்லையென்றால் நீங்கள் திருப்பிவிடப் போகிறீர்கள். அந்தச் சில நிமிடங்களில் நெஞ்சுக்கூடு அமுங்கிக் கெடுதல் எதுவும் நேராது.

கழுத்து நின்ற பிறகு போடலாம் என்று காத்திருப்பதில்தான் சிக்கல் இருக்கிறது. கழுத்தை நிறுத்தும் தசைகளுக்கு நிறைய வேலை கிடைப்பதே இந்தக் கிடையில்தான்.

எந்த வயதில் தொடங்கலாம்? தொப்புள்கொடி இன்னும் விழவில்லையே?

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த முதல் நாளே தொடங்கலாம். ஆனால் அது தரையில் தொடங்க வேண்டியதில்லை. தாயோ தந்தையோ முதுகுக்குத் தலையணை கொடுத்துச் சற்றே சாய்ந்து அமர்ந்து, குழந்தையை மார்பின்மேல் குப்புறக் கிடத்திக்கொண்டால் அதுவே பயிற்சி. மார்பு சாய்வாக இருப்பதால் தலையைத் தூக்குவது குழந்தைக்குச் சுலபம். உங்கள் குரல் கேட்டு முகத்தைத் தேடி நிமிரும். உங்களுக்குத் தூக்கம் வந்தால் மட்டும் குழந்தையை அதன் படுக்கைக்கு மாற்றிவிடுங்கள்.

தொப்புள்கொடி பொதுவாக ஒன்று இரண்டு வாரங்களில் விழுந்துவிடும். அதுவரை மார்பின்மேல் கிடத்துவதே போதும். கொடி உரசாமல் பார்த்துக்கொண்டால் சரி. தொப்புளைச் சுற்றிச் சிவந்திருந்தாலோ, சீழ் அல்லது துர்நாற்றம் இருந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்?

தொடக்கத்தில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் மூன்று முதல் ஐந்து நிமிடம். முதல் நாட்களில் ஒரு நிமிடத்திலேயே குழந்தை களைத்துப்போனால் அந்த ஒரு நிமிடமே போதும். ஏழு வார வாக்கில் நாள் முழுவதுமாகச் சேர்த்து 15 முதல் 30 நிமிடம் வரை கொண்டுவரலாம். தானாக நகரத் தொடங்காத குழந்தைகளுக்கு, விழித்திருக்கும் நேரத்தில் நாளொன்றுக்குக் குறைந்தது 30 நிமிடம், பல வேளைகளாகப் பிரித்து, குப்புறக் கிடை வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் சொல்கிறது.

‘பல வேளைகளாகப் பிரித்து’ என்பதைக் கவனியுங்கள். ஒரே மூச்சில் அரை மணி நேரம் போட்டு அழவிடுவதால் பயனில்லை. ஒவ்வொரு முறை துணி மாற்றியதும் இரண்டு நிமிடம் என்று வைத்துக்கொள்ளும் வீடுகளில் கடிகாரம் பார்க்காமலே கணக்கு நிரம்பிவிடுகிறது.

மெத்தையில் போடலாமா, தரையிலா?

தரையில்தான். பாயை விரித்து, அதன்மேல் பருத்திப் போர்வையை இரண்டாக மடித்துச் சுருக்கமில்லாமல் போட்டால் நம் வீடுகளுக்கு அதைவிட நல்ல இடம் வேண்டியதில்லை. இலவம்பஞ்சு மெத்தையிலும் ஃபோம் மெத்தையிலும் முழங்கை புதைந்துபோவதால் குழந்தையால் ஊன்ற முடிவதில்லை, முகமும் புதையக்கூடும். கட்டிலும் சோஃபாவும் வேண்டாம். புரளத் தெரியாத குழந்தையும் ஒருநாள் திடீரென்று புரண்டுவிடும்.

எப்படிப் போடுவது என்று படிப்படியாகச் சொல்லுங்கள்.

குழந்தையை அப்படியே தூக்கிக் கவிழ்க்காதீர்கள். மல்லாக்கக் கிடத்தி, தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடித்து, ஒருக்களித்து, பிறகு மெதுவாகக் கவிழ்த்தால் தான் எங்கே போகிறோம் என்பது குழந்தைக்குத் தெரியும். திடுக்கிட்டு அழுவதும் குறையும். கவிழ்ந்ததும் முதலில் முகம் ஒரு பக்கம் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது கைகள். உடம்புக்கு அடியில் கை மாட்டிக்கொண்டால் குழந்தையால் ஒன்றும் செய்ய முடியாது. முழங்கைகள் இரண்டும் தோளுக்கு நேர்கீழாகவோ சற்று முன்னாலோ வருமாறு எடுத்து வையுங்கள்.

மூன்றாவது இடுப்பு. இதை மிகச் சிலரே கவனிக்கிறார்கள். கருப்பையில் சுருண்டிருந்த பழக்கத்தால் பிறந்த குழந்தையின் இடுப்பும் முழங்கால்களும் மடங்கியே இருக்கும். குப்புறப் போட்டால் பின்புறம் மேலே எழும்பி, உடம்பின் எடையெல்லாம் முகத்தையும் தோளையும் நோக்கிச் சரியும். பாரம் முழுவதும் முன்பக்கம் இருக்கும்போது தலையைத் தூக்குவது கடினம். உங்கள் உள்ளங்கையைக் குழந்தையின் பின்புறத்தில் வைத்துக் கால்களை நோக்கி மிக மென்மையாக அழுத்தம் கொடுத்தால் எடை பின்னால் நகரும். சில நொடிகளில் தலை எழும்புவதைக் கண்ணால் காணலாம். வாரங்கள் செல்லச் செல்ல இடுப்பு தானாகவே நீண்டு தரையில் படிந்துவிடும். அப்போது உங்கள் கை தேவைப்படாது.

அதன்பின் நீங்களும் தரையில் குப்புறப் படுத்து, உங்கள் முகத்தைக் குழந்தையின் முகத்துக்கு நேராக ஒரு முழத்துக்கும் குறைவான தூரத்தில் வையுங்கள். பச்சிளங்குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதே தெளிவாகத் தெரியும். பேசுங்கள், பாடுங்கள். கண் உங்கள் மேல் நிலைத்தபின் முகத்தைச் சிறிது சிறிதாக ஒரு பக்கம் நகர்த்தினால் அதன் தலையும் திரும்பும். பிறகு மறுபக்கம் நகர்த்துங்கள்.

குப்புறப் போட்ட உடனே வீறிட்டு அழுகிறாள். பார்க்கவே பாவமாக இருக்கிறது. விட்டுவிடலாமா?

விட்டுவிட வேண்டாம், அழவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டாம். முனகுவது, முக்குவது, முகம் சிவக்கத் தலையைத் தூக்கப் பார்ப்பது எல்லாம் உழைப்பின் அடையாளம். அந்த வேளையில் பேச்சுக் கொடுத்து ஊக்கப்படுத்துங்கள். தலையை முழுவதும் தொங்கவிட்டு, மூக்கைத் தரையில் தேய்த்து, மூச்சுவிடாமல் அழுதால் அது களைப்பு; உடனே தூக்கிவிட வேண்டும். இந்த இரண்டையும் பிரித்தறிய ஒரு வாரம் கவனித்தாலே தாய்க்குப் பழகிவிடும்.

அழுகிற குழந்தைக்குக் கிடையை எளிதாக்கிக் கொடுங்கள். மெல்லிய துண்டு ஒன்றை உங்கள் மணிக்கட்டுப் பருமனுக்குச் சுருட்டி, குழந்தையின் அக்குளுக்குக் கீழே, மார்புக்கு அடியில் குறுக்காக வைத்து, கைகள் இரண்டும் சுருளுக்கு முன்னால் வருமாறு எடுத்துவிட்டால் பாதிச் சிரமம் குறைந்துவிடும். சுருள் வயிற்றுக்கோ தொண்டைக்கோ வந்துவிடக் கூடாது. சம்மணமிட்டு அமர்ந்து தொடைமேல் குறுக்காகக் கிடத்தலாம். முன்கையின்மேல் குப்புறக் கிடத்தி, மறுகையால் உடம்பைத் தாங்கிக்கொண்டு வீட்டைச் சுற்றி வரலாம். தரையில் வைத்தால் அழுகிற பல குழந்தைகள் இப்படி நடந்தால் சமாதானமாகிவிடுகின்றன. இவை எல்லாமே பயிற்சிதான்.

பசி, தூக்கம், நனைந்த துணி இவற்றில் ஏதேனும் ஒன்று இருக்கும்போது எந்தக் குழந்தையும் ஒத்துழைக்காது. தூங்கி எழுந்து, துணி மாற்றி, பசிக்கும்முன் இருக்கும் அந்தச் சிறிய இடைவெளியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பால் குடித்தபின் போட்டால் கக்கிவிடுகிறான்.

பால் கொடுத்து அரை மணி நேரமாவது ஆகட்டும். அப்படியும் கக்கினால், தரைக்குப் பதில் மார்பின்மேல் சாய்வாகக் கிடத்துங்கள். கக்கும் பால் பச்சையாகவோ இரத்தம் கலந்தோ இருந்தாலும், பீய்ச்சி அடிப்பதுபோல் வாந்தி வந்தாலும், எடை ஏறாமல் இருந்தாலும் அது மருத்துவர் பார்க்க வேண்டியது.

எனக்கு சிசேரியன். குனியவே முடியவில்லை. நான் எப்படிச் செய்வது?

தையலின்மேல் பாரம் படாமல், குழந்தையை மார்பின் மேல்பகுதியில் தோள் ஓரமாகக் கிடத்திக்கொள்ளுங்கள். தரையில் குனிந்து செய்ய வேண்டியதைக் குழந்தையின் அப்பா செய்யட்டும். வேலை முடிந்து வந்து கைகால் கழுவிக்கொண்டு, தன் நெஞ்சின்மேல் பிள்ளையைப் போட்டுக்கொள்ளும் அப்பாக்களின் குழந்தைகள் மிக நன்றாகப் பழகிவிடுவதைப் பார்க்கிறேன்.

அம்மா காலில் போட்டுக் குளிப்பாட்டும்போது குப்புறத்தானே கிடக்கிறது? எண்ணெய் தேய்த்து உருவினால் கழுத்து சீக்கிரம் நிற்கும் என்கிறார்களே?

கால்களை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே குழந்தையைக் குப்புறக் கிடத்தி முதுகில் தண்ணீர் ஊற்றும்போது குழந்தை தலையைத் தூக்கப் பார்ப்பது உண்மைதான். அந்தக் கிடைக்குப் பழகிய குழந்தைகள் தரையிலும் அதிகம் அழுவதில்லை. ஆனால் அது ஓரிரு நிமிடம்தான். தண்ணீர் முகத்தில் வழியாமல் பார்ப்பதிலேயே கவனமும் போய்விடும். ஆகவே மேலே சொன்ன நேரக் கணக்குக்கு அது மாற்றாகாது.

இதமாக எண்ணெய் தேய்ப்பது குழந்தைக்குச் சுகம், அதில் தவறில்லை. தசை வலுப்பெறுவதோ குழந்தை தானே உழைப்பதால். கழுத்தைப் பிடித்து இழுப்பது, தலையை இரண்டு கைகளாலும் தூக்கி உருவுவது, கால்களைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவது, மூக்கில் எண்ணெய் விடுவது ஆகியவற்றைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கோடு பயிற்சிக்குப் போட்டால் முழங்கை வழுக்கும், துடைத்துவிட்டுப் போடுங்கள்.

தூளியில் போட்டால்தான் இருக்கிறான். வாக்கரும் வாங்கி வைத்திருக்கிறோம். இவை உதவுமா?

கழுத்து நிற்க இரண்டுமே உதவா. தூளித் துணி குழந்தையின் உடம்பை வளைத்து அணைத்துக்கொள்வதால் தலையைத் தூக்கும் வேலையே அங்கு இல்லை. கழுத்து நிற்காத குழந்தைக்கு அந்த வளைவில் முகவாய் மார்போடு ஒட்டி மூச்சுப்பாதை நெருக்கப்படவும் கூடும். ஆகவே தூங்க வைக்கச் சமமான, உறுதியான படுக்கையே நல்லது. வாக்கர் விபத்துகளுக்கு இடம்கொடுப்பதால் கனடா 2004-இல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டது. வாங்கி வைத்திருந்தாலும் பயன்படுத்த வேண்டாம் என்பதே என் கருத்து.

பின்தலை ஒரு பக்கம் தட்டையாகிவிட்டது. கடுகுத் தலையணை வைக்கலாமா?

வேண்டாம். ஒரு வயது வரை தூங்கும் குழந்தைக்கு எந்தத் தலையணையும் பாதுகாப்பானதன்று. துணி கிழிந்தால் கடுகு மூக்குக்கும் வாய்க்கும் போகும். மண்டையோடு மென்மையாக இருப்பதால் ஒரே இடத்தில் அழுத்தம் படும்போது தட்டையாகிறது. அழுத்தத்தை மாற்றினால் பெரும்பாலும் நாளடைவில் சீராகும். ஒரு நாள் தலை வைத்த திசையில் மறுநாள் கால் வருமாறு படுக்க வையுங்கள். ஜன்னலையும் உங்களையும் பார்க்க எதிர்ப்பக்கம் திரும்ப வேண்டியிருக்கும். விழித்திருக்கும்போது குப்புறப் பயிற்சியைக் கூட்டுங்கள்.

எப்போதும் வலப்பக்கம்தான் திரும்புகிறான். தலையும் சாய்ந்தே இருக்கிறது. பழக்கமா, நோயா?

கழுத்தின் ஒரு பக்கத் தசை இறுகிக் குறுகியிருக்கலாம். இடப்பக்கத் தசை இறுகினால் தலை இடப்பக்கம் சாய்ந்து, முகம் வலப்பக்கம் திரும்பி நிற்கும். சில குழந்தைகளுக்கு அந்தத் தசையில் சிறு கட்டிபோலத் தட்டுப்படும். ஒரே மார்பில் மட்டும் பால் குடிக்க விரும்புவதும் இதன் அறிகுறியாக இருக்கலாம். முதல் சில மாதங்களிலேயே பிசியோதெரபி தொடங்கினால் பெரும்பாலான குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை இல்லாமலே சரியாகிவிடுகிறது. நீங்களாகத் திருகிப் பார்க்காதீர்கள். மருத்துவர் பார்த்தபின், நீட்டும் முறையை நேரில் கற்றுக்கொண்டு செய்யுங்கள்.

குறை மாதத்தில் பிறந்தவள். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு நின்றுவிட்டது, இவளுக்கு நிற்கவில்லை.

பிறந்த தேதியை வைத்துப் பார்க்காதீர்கள். பிறந்திருக்க வேண்டிய தேதியை வைத்துப் பாருங்கள். 32 வாரத்தில் பிறந்தவள் 8 வாரம் முன்னதாக வந்துவிட்டாள். ஆகவே பிறந்து 16 வாரம் ஆனபோது அவளிடம் 8 வாரக் குழந்தையின் திறனைத்தான் எதிர்பார்க்க வேண்டும். இரண்டு வயது வரை இந்தத் திருத்திய வயதையே கணக்கில் கொள்கிறோம்.

மருத்துவமனையில் உங்களுக்குக் கற்றுத்தந்த கங்காரு பராமரிப்பை வீட்டிலும் தொடருங்கள். 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் பற்றாக்குறையைச் சமாளிக்கத் தொடங்கிய முறை அது. குழந்தை உங்கள் நெஞ்சோடு ஒட்டிக் குப்புறக் கிடப்பதால், கதகதப்போடு கழுத்துக்கும் வேலை கிடைக்கிறது.

தூக்கத்தில் தானாகவே குப்புற விழுந்துவிடுகிறது. இரவெல்லாம் விழித்திருந்து திருப்ப வேண்டுமா?

இரண்டு பக்கமும், அதாவது மல்லாந்த நிலையிலிருந்து குப்புறவும், குப்புற நிலையிலிருந்து மல்லாந்தும், தானாகவே புரளத் தெரிந்துவிட்ட குழந்தையைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. படுக்க வைப்பது மட்டும் எப்போதும் மல்லாக்கத்தான். புரளும் அறிகுறி தெரிந்த அன்றே துணியில் இறுக்கிச் சுற்றித் தூங்க வைப்பதை நிறுத்திவிடுங்கள்.

என் பிள்ளைக்கு ஒரு மாதத்திலேயே கழுத்து நின்றுவிட்டது. நல்லதுதானே?

வீட்டில் எல்லாரும் மகிழ்ந்து சொல்வது இது. ஆனாலும் நாங்கள் ஒருமுறை கவனமாகப் பார்ப்போம். தூக்கும்போது உடம்பு வில்லாகப் பின்னோக்கி வளைகிறதா, கால்கள் கத்தரிபோல் பின்னிக்கொள்கின்றனவா, கட்டைவிரலை உள்ளே வைத்துக் கை எந்நேரமும் இறுக மூடியிருக்கிறதா என்று பாருங்கள். இவற்றோடு தலை விறைப்பாக நின்றால், அது வலிமையால் நிற்பதன்று, தசை இறுக்கத்தால் நிற்பது. மருத்துவரிடம் காட்ட வேண்டும். தலையைத் தூக்கவும், தளர்ந்து இறக்கவும், இரண்டு பக்கமும் திருப்பவும் குழந்தையால் முடிகிறது, கைகால்களும் இலகுவாக அசைகின்றன என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை.

நான்கு மாதம் முடிந்தும் தலை ஆடுகிறது. ‘எங்கள் வீட்டில் எல்லாருக்குமே தாமதம்தான்’ என்கிறார்கள். காத்திருக்கலாமா?

காத்திருக்க வேண்டாம். மூன்று மாதம் முடிந்தும் குப்புறக் கிடையில் தலையைச் சிறிதும் தூக்காவிட்டாலும், நான்கு மாதம் முடிந்தும் தலை நிலைக்காவிட்டாலும், குறை மாதக் குழந்தைக்குத் திருத்திய வயதைக் கணக்கிட்டு, மருத்துவரிடம் காட்ட வேண்டும். தூக்கினால் துணிபோல் துவள்வது, ஒரு பக்கக் கைகால் மட்டும் குறைவாக அசைவது, முகம் பார்த்துச் சிரிக்காமல் இருப்பது, பால் குடிக்கத் திணறுவது, தலை மிக வேகமாகப் பெரிதாவது, முன்பு செய்ததை இப்போது செய்யாமல் போவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் வயதைப் பார்க்காமல் உடனே செல்லுங்கள். வலிப்பு வந்தால் 108-ஐ அழையுங்கள். தைராய்டு குறைபாடு போன்ற சில காரணங்களைச் சாதாரண இரத்தப் பரிசோதனையிலேயே கண்டுபிடித்து மருந்து கொடுக்க முடியும். அங்கே ஒவ்வொரு வாரமும் மதிப்புள்ளது. கைகளைப் பிடித்து இழுத்து உட்காரவைத்துத் தலை பின்னால் தொங்குகிறதா என்று மருத்துவர் பார்ப்பது சோதனை. வீட்டில் அதைப் பயிற்சியாகச் செய்யாதீர்கள்.

தமிழ்நாட்டில் இருப்பவர்கள் தங்கள் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ உள்ள இடையீட்டு சேவை மையத்துக்கு, அதாவது குழந்தைகளின் வளர்ச்சித் தாமதத்தைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து சிகிச்சை தரும் மையத்துக்குச் செல்லலாம். 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்கீழ் இயங்கும் அங்கே குழந்தை மருத்துவரையும் பிசியோதெரபிஸ்ட்டையும் கட்டணமின்றிப் பார்க்க முடியும். எங்கே போவது என்று தெரியாவிட்டால் அங்கன்வாடிப் பணியாளரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ கேளுங்கள். போகும்போது பிரசவ மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சீட்டையும் தடுப்பூசி அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். குழந்தை வீட்டில் நல்ல மனநிலையில் குப்புறக் கிடக்கும்போது கைப்பேசியில் ஒரு நிமிட வீடியோவும் எடுத்து வையுங்கள். புது இடத்தில் அழுதுகொண்டே இருக்கும் குழந்தை தன்னால் முடிந்ததைக்கூட எங்களுக்குச் செய்துகாட்டாது.